டிரம்மரை நீக்கிய அறிவிப்பும், என்னிடம் விளக்கம் கேட்பவர்களும்

நான் வருஷக்கணக்கில் கூட வாசித்த டிரம்மரை, தன் ஓட்டைப் பற்றி எழுதியதற்காக அவனுடைய இசைக்குழு நீக்கிய அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து என் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அவனோடு எப்படி இத்தனை வருஷம் ஒரே மேடையில் நின்றீர்கள்?" ஒருவர் எங்கள் பழைய படத்தைத் தேடி எடுத்து, என் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "மௌனமும் உடந்தைதான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். சரி, பேசிவிடுகிறேன்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர்களை நான் எழுதப்போவதில்லை, கமென்ட்டிலும் யாரும் எழுத வேண்டாம். தேர்தல் நேரத்தில் தான் யாருக்கு ஓட்டுப் போடப்போகிறேன், ஏன் போடப்போகிறேன் என்று அவன் தன் சொந்தப் பக்கத்தில் எழுதினான். குழுவின் பெயரை இழுக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத்தான் குழுவின் மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்ட அந்த அறிவிப்புக் கடிதம். "எங்கள் மதிப்பீடுகளோடு ஒத்துப்போக முடியாததால் அவர் விலகுகிறார்." அவன் விலகவில்லை, நீக்கப்பட்டான். அதுவும் அறிவிப்பு வெளியான பிறகு, யாரோ ஸ்கிரீன்ஷாட் அனுப்பித்தான் அவனுக்கே விஷயம் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் ஏற்கவில்லை. படித்த அன்றே போன் போட்டுச் சண்டை போட்டேன். என் ஓட்டு அவன் ஓட்டுக்கு நேர் எதிர். கடவுள், கல்யாணம், பிள்ளை வளர்ப்பு எதிலுமே எங்களுக்கு ஒத்துப்போனதில்லை. இருந்தும் என் கருத்து ஒன்றுதான்: ஒரே பேண்டில் வாசிப்பவர்கள் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டிய அவசியம் இல்லை. இல்லவே இல்லை.

பேஸ் கிடார் வாசிப்பவனுக்கு டிரம்மரின் வலது கால்தான் உயிர். காலால் அடிக்கும் பெரிய டிரம்மில் கிக் விழும் அதே கணத்தில் என் விரல் தந்தியை விட வேண்டும். ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு தள்ளிப்போனாலும் அடி இரண்டாகப் பிளந்து கேட்கும். வாசிப்பதை எங்களுக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யாத மேடைகளில் அவன் முழங்காலைப் பார்த்தே முழுக் கச்சேரியையும் வாசித்திருக்கிறேன். முழங்கால் எழும் விதத்திலேயே தெரிந்துவிடும், இந்த அடி நேராக வருகிறதா, கொஞ்சம் சாய்ந்து வருகிறதா என்று. குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மை எப்போதும் ஒரு மயிரிழை பின்னால்தான் போடுவான். பல்லவி வந்தால் மட்டும் நேராக வந்து உட்காருவான். இதெல்லாம் எனக்குப் பிடிபட வருஷக்கணக்கில் ஆனது. அவன் எந்தச் சின்னத்தில் விரல் வைக்கிறான் என்று தெரிந்துகொண்டு இதில் ஒரு துளியையும் நான் கற்றிருக்க முடியாது.

ஒத்துப்போக வேண்டிய விஷயங்கள் உண்டு, நிறைய உண்டு. பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வருவது, வருகிற பணத்தை எப்படிப் பிரிப்பது, பாட்டில் யார் பெயர் போடுவது, எந்த மேடையில் ஏறுவது, எதில் ஏறக்கூடாது. பாடுபவன் வாயில் அவன் ஏற்காத வரியைத் திணிக்கக்கூடாது. இவற்றில் ஒற்றுமை இல்லாவிட்டால் பேண்ட் ஒரு வருஷம் தாங்காது. இவற்றில் ஒற்றுமை இருந்தால், மற்றதில் எவ்வளவு சண்டை இருந்தாலும் தாங்கும்.

எங்களுக்குள்ளேயே ஒரு தடவை நடந்தது. ஒரு போராட்டத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். எனக்கு உயிர் போகிற விஷயம் அது. அவன் முடியாது என்றான். எங்கள் வழக்கப்படி ஒருவர் வேண்டாம் என்றால் குழுவாகப் போவதில்லை, போகவில்லை. நான் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் போனேன். அன்றைக்கு மதியம் அவன் தன் சிம்பல்கள், அதாவது டிரம் செட்டின் உலோகத் தட்டுகள், இருந்த பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "அங்க இருக்கற செட்டைப் பாத்தேன் மச்சான், சிம்பல் எல்லாம் தகரம் மாதிரி இருக்கு. இதை எடுத்துட்டுப் போ." டிரம்மர்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கிட் முழுவதையும் கடன் கொடுப்பான், சிம்பலைக் கொடுக்க மாட்டான். தான் எதிர்க்கிற கூட்டத்தில் அடிக்கத் தன் சிம்பலைக் கொடுத்தவனுக்குத்தான் இப்போது "மதிப்பீடுகள்" பற்றிப் பாடம் நடத்துகிறார்கள்.

உலகத்தில் நடக்காத ஒன்றை நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்க் ராக் குழுவான ரமோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஜோயி தாராளவாதி, கிடாரிஸ்ட் ஜானி பழமைவாதி, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ரீகனின் பக்தர். 1985-இல் ரீகன் ஜெர்மனியில் நாஜிப் படையினரும் புதைக்கப்பட்ட ஒரு இடுகாட்டுக்குப் போய் மரியாதை செலுத்தினார். கொதித்துப்போன ஜோயி அதைக் கண்டித்துக் குழுவோடு ஒரு பாட்டே போட்டார். ரீகனைக் கேலி செய்த அந்தத் தலைப்பு ஜானிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் ஆல்பத்தில் வரும்போது தலைப்பை மாற்ற வைத்தார். பாட்டு அப்படியே இருந்தது, பேண்டும் இருந்தது. போதாததற்கு ஜோயியின் காதலி பிரிந்துபோய் ஜானியைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவே இல்லை. 1974-இல் தொடங்கி 1996 வரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். 2002-இல் ராக் அண்ட் ரோல் கௌரவ மேடையில் ஜானி அன்றைய அதிபர் புஷ்ஷுக்கு வாழ்த்துச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷமே ஜோயி இறந்துவிட்டார், இருந்திருந்தால் நிச்சயம் முகத்தைச் சுளித்திருப்பார். ஆனால் அந்தப் பேண்ட் இல்லாமல் பங்க் என்கிற இசையே இந்த வடிவத்தில் வந்திருக்காது.

சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்ற அமெரிக்க ராக் குழு இன்னும் நல்ல உதாரணம். பாடகர் செர்ஜ் டாங்கியன் இடதுசாரி. டிரம்மர் ஜான் டால்மயான் டிரம்ப் ஆதரவாளர். பேட்டிகளில் இருவரும் எதிரெதிராகப் பேசுவார்கள். அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதனால் வீட்டு விசேஷத்திலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். 2005-க்குப் பிறகு பதினைந்து வருஷம் அவர்கள் புதுப் பாட்டே போடவில்லை. 2020-இல் அவர்களின் பூர்வீகமான ஆர்மீனியாவை ஒட்டிய ஆர்ட்சாக்கில் (நாகோர்னோ-கராபாக்) போர் வந்தது. அமெரிக்கத் தேர்தல் முடிந்து மூன்றாம் நாள், நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தபோது, இந்த நால்வரும் சேர்ந்து இரண்டு பாட்டு வெளியிட்டார்கள். கிடைத்த பணம் ஆர்மீனிய மக்களுக்குப் போனது. டிரம்மரைக் கொள்கைக்காக முன்பே துரத்தியிருந்தால் அந்தப் பாட்டுகள் வந்திருக்குமா?

சரி, கொள்கை ஒத்துப்போனவர்கள் கடைசிவரை சேர்ந்தே இருந்தார்களா? பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டில் அந்தக் காலத்தில் அரசியலில் பெரிய பிளவு எதுவும் இல்லை. உடைந்தது அதிகாரத்தால். பேஸ் வாசித்துப் பாட்டெழுதிய ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் வெளியேறினார், அடுத்த வருஷமே பேண்டின் பெயர் யாருக்கு என்று வழக்கு. அரசியல் சண்டை அப்புறம், வயதான காலத்தில் வந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எனக்கே நடந்திருக்கிறது.

ஒரு காலத்தில் என்னோடு பாட்டு எழுதிய ஒருவர், பெயர் வேண்டாம், என்னோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர். ஒரே புத்தகம், ஒரே ஊர்வலம், ஒரே கோஷம். விடிய விடியப் பேசுவோம். சமத்துவம் என்று அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட மெட்டுகளை உரிமைப் பதிவு செய்யும்போது, எல்லாவற்றையும் தன் பெயரில் மட்டும் பதிந்துகொண்டார். ராயல்டி கணக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "இசை யாருடைய சொத்தும் இல்லை தோழர்" என்றார்.

அதே சமயத்தில்தான் எனக்கு இடது மணிக்கட்டில் தசைநார் வீங்கி, விரலை விரிக்க முடியாமல் போனது. "தற்காலிகமாக" வேறு பேஸ் வாசிப்பவரைப் போட்டுக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னதும் என் கொள்கைக்காரர்தான். டிரம்மர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்கான ரப்பர் பேடைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். பாட்டுப் பாட்டாக எடுத்து, எங்கெல்லாம் என் விரல் ஓட வேண்டுமோ அங்கெல்லாம் அந்த ஓட்டத்தைத் தன் ஃபுளோர் டாமுக்கு, தரையில் நிற்கும் அந்தக் கனத்த டிரம்முக்கு, மாற்றினான். "நீ ரூட் நோட்டை மட்டும் புடி, மீதியை நான் பாத்துக்கறேன்." ரூட் நோட் என்றால் கார்டின் அடிப்படை ஸ்வரம். ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகு என் மணிக்கட்டில் ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவான். அன்று டிவியில் அவனுடைய தலைவர் பேசிக்கொண்டிருந்தார், நான் அணைக்கச் சொன்னேன், சத்தத்தை மட்டும் குறைத்தான்.

இப்போது சொல்லுங்கள், நான் யாரோடு வாசிக்க வேண்டும்?

சிலர் கேட்பார்கள் என்று தெரியும், கேட்டும் விட்டார்கள். "அப்படியென்றால் இனவெறியனோடும் வாசிப்பாயா?" மாட்டேன். என் குழுவில் இருக்கும் ஒருவரின் பிறப்பையோ உடலையோ இழிவாகப் பேசுகிறவன், அவர் பக்கத்தில் நிற்கவே கூசுகிறவன், அவனோடு வாசிக்க முடியாது. அங்கே பிரச்சினை கருத்து இல்லை, கூட இருக்கிறவரின் மரியாதை. ஆனால் நீங்கள் ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசி எல்லையைக் காட்டித்தான் நடுவில் இருக்கும் எல்லோரையும் துரத்துகிறீர்கள். இவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவனோடு வாசித்த அத்தனை பேருக்கும் தெரியும். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரியும்.

"ரசிகர்கள் காசு கொடுத்து வருகிறோம், எங்களுக்கு உரிமை இல்லையா?" வராமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எங்களில் யார் யாரோடு பேசலாம் என்று சொல்ல உரிமை இல்லை.

"மம்ஃபோர்டு அண்ட் சன்ஸ் கதையைப் பாருங்கள்" என்று இன்னொருவர். பார்த்தேன். அந்த பிரிட்டிஷ் குழுவில் பேஞ்சோ வாசித்த வின்ஸ்டன் மார்ஷல் 2021 மார்ச்சில் தீவிர இடதுசாரிகளை விமர்சிக்கும் ஒரு புத்தகத்தைப் பாராட்டி ட்வீட் போட்டார், பெரிய கண்டனம் வந்தது, ஜூனில் விலகினார். தன் பேச்சுக்கு மற்றவர்கள் அடி வாங்கக்கூடாது என்று அவரே கடிதம் எழுதிவிட்டுப் போனார். அவர் கையால் எழுதிய கடிதம் அது. இங்கே அவனுக்கு அந்த வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை. அதோடு, வெளியில் நிற்கும் கூட்டம் கத்தினால் உள்ளே இருக்கிற நட்பு ஏன் உடைய வேண்டும் என்ற என் கேள்விக்கு அந்தக் கதை பதில் சொல்லவில்லை.

"நீ சலுகை உள்ள இடத்தில் இருந்து பேசுகிறாய்" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எந்த மேடைகளில் என்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

இசை நடத்துனர் டேனியல் பேரன்பாயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் 1999-இல் தொடங்கிய வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் ஆர்கெஸ்ட்ராவில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் மற்ற அரபு நாட்டவரும் ஒரே நோட்டு ஸ்டாண்டை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். அங்கே இருக்கிற வேறுபாட்டின் பக்கத்தில் நம் தேர்தல் சண்டை என்ன? அவர்கள் கச்சேரி முடிந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. போர் நிற்கவில்லை. ஆனாலும் எதிரில் இருப்பவன் தன் வயலின் வில்லை எடுக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நமக்கு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. எனக்கு வலிப்பது அதுதான். உங்கள் அலுவலகத்தில் எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். உங்கள் அண்ணனே எதிர்க்கட்சியாக இருப்பார், அவர் கல்யாணத்துக்குப் போனீர்கள், படம் போட்டீர்கள். அங்கே யாரும் உங்கள் தலையைச் சுற்றி வட்டம் போடவில்லை. இசைக்காரன் மட்டும் தன் பக்கத்தில் நிற்பவனின் மனசைத் துருவி ஆராய்ந்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டுமா? எனக்கு வட்டம் போட்டவர், என் கை விளங்காமல் கிடந்த மாதங்களில் ஒரு போன் பண்ணியிருப்பாரா? என் பெயர் பதிவில் இல்லாமல் போனபோது என் பக்கம் நின்று ஒரு வரி எழுதினாரா? அப்போதெல்லாம் எங்கே போனது இந்தக் கொள்கை?

அவனை அடுத்த வாரம் என் கச்சேரிக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறான். வழியில் கட்டாயம் சண்டை வரும். இதனால் நண்பர் பட்டியலிலிருந்து போகிறவர்கள் போகலாம், தடுக்க மாட்டேன்.

கடிதம் எழுதிய அந்த நால்வருக்கும் ஒரு விஷயம். நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஆல்பம் திட்டமிட்டபடி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எல்லாப் பாட்டிலும் டிரம்ஸ் அவன் வாசித்ததுதான், மறுபடி பதிவு செய்ய உங்களுக்கு நேரமும் இல்லை. அவன் கையும் காலும் உங்களுக்கு வேண்டும், அவன் மட்டும் வேண்டாம் என்றால் அது நியாயமில்லை. அட்டையில் அவன் பெயரைப் போடுங்கள். அவனுக்குச் சேர வேண்டிய பங்கை முன்பு பேசியபடியே, ஒரு பைசா குறையாமல் கொடுங்கள். மற்ற எதைப் பற்றியும் அப்புறம் பேசலாம்.