அவன் ஒன்றும் செய்ய மாட்டான்

(பூங்கா வாசலில் ஒரு பலகை: "நாய்களைச் சங்கிலியில் பிடித்தோ, முழுக் கட்டுப்பாட்டில் வைத்தோ அழைத்து வரவும்." பலகைக்குக் கீழே வாட்ச்மேன் மாரிமுத்து. எதிரே பரமசிவம், கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் யாரும் இல்லை.)

மாரிமுத்து: சார், சங்கிலி இருக்கிறது. நாயைக் காணோமே?

பரமசிவம்: இங்கேதான் எங்கேயாவது இருப்பான்.

மாரிமுத்து: பலகையைப் படித்தீர்களா?

பரமசிவம்: படித்துவிட்டுத்தான் அவிழ்த்தே விட்டேன். சங்கிலி வேண்டும், இல்லாவிட்டால் கட்டுப்பாடு வேண்டும். எங்கள் டைகர் இரண்டாவது ரகம்.

மாரிமுத்து: கூப்பிடுங்கள், பார்ப்போம்.

பரமசிவம்: டைகர்! டைகர், வா! (குரலை இறக்கி) டைகர் கண்ணா, வாடா செல்லம்... பாருங்கள், காது அசைந்தது. கேட்டுவிட்டான்.

மாரிமுத்து: காது இந்தப் பக்கம் அசைந்தது சரி. கால் அந்தப் பக்கம் ஓடுகிறதே?

பரமசிவம்: யோசிக்கிறான். அறிவாளி நாய், மாரிமுத்து. சொன்னவுடன் செய்ய மாட்டான்.

(ஜாகிங் வந்த ஒருவர், ஓட்டத்தை நிறுத்தாமலே, பெஞ்ச் மேல் ஏறிவிடுகிறார். டைகர் கீழே நின்று அவருடைய ஷூவை ஆராய்கிறது.)

பரமசிவம்: (கையை ஆட்டி) பயப்படாதீர்கள் சார்! அவன் ஒன்றும் செய்ய மாட்டான்!

மாரிமுத்து: நாய் வளர்க்கிற எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள். போன மாதம் ஒரு நாய் கடித்தது. அதன் சொந்தக்காரரும் இதைத்தான் சொன்னார். கூட 'இதுவரைக்கும்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பரமசிவம்: உலகம் எங்கேயோ போய்விட்டது. நாம் இன்னும் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். இதோ, மொபைலில் எடுத்தே வைத்திருக்கிறேன். நியூயார்க் நகரம்! அங்கே பூங்காவில் நாயைச் சங்கிலி இல்லாமல் விடலாம். விதியிலேயே இருக்கிறது.

மாரிமுத்து: எந்த நேரத்திலும் விடலாமா?

பரமசிவம்: காலையில் பூங்கா திறந்ததிலிருந்து 9 மணி வரை. அப்புறம் இரவு 9 மணியிலிருந்து பூட்டுகிற வரை.

மாரிமுத்து: இப்போது மணி காலை பத்தரை.

பரமசிவம்: இரவு 9 மணிக்குக் கொஞ்சம் முன்னால்தானே?

மாரிமுத்து: பூங்கா முழுக்கவா விடலாம்?

பரமசிவம்: அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்.

மாரிமுத்து: கீழே இன்னும் ஏதோ எழுதியிருக்கிறது. உங்கள் கட்டைவிரல் மறைக்கிறது.

பரமசிவம்: (விரலை நகர்த்தாமல் பார்க்கிறார், பிறகு நகர்த்துகிறார்) நாய்க்கு உரிமம் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று கையில் இருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் சங்கிலிதான், அதுவும் 6 அடிக்கு மேல் போகக் கூடாது.

மாரிமுத்து: சான்று இருக்கிறதா?

பரமசிவம்: வீட்டில் இருக்கிறது. ஃப்ரேம் போட்டு என் டிகிரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

மாரிமுத்து: டைகரோடதுதான் பெரிய ஃப்ரேமா?

பரமசிவம்: அந்தப் பேச்சு எதற்கு? நியூயார்க்கை விடுங்கள். இங்கிலாந்துக்கு வாருங்கள். அங்கே நிறையப் பூங்காக்களில் சங்கிலியே தேவையில்லை. நேரம் காலம் கூடக் கிடையாது.

மாரிமுத்து: நிஜமாகவா?

பரமசிவம்: நிஜமாகத்தான். உள்ளூர் மன்றம், அதாவது நம் ஊர் நகராட்சி மாதிரி, தடை போடாத வரைக்கும்.

மாரிமுத்து: அதானே.

பரமசிவம்: 2014-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த இடத்தில் கட்ட வேண்டும், எந்த இடத்தில் நாயே வரக் கூடாது என்று அந்தந்த மன்றமே உத்தரவு போட்டுக்கொள்ளலாம். சில ஊர்களில், மன்றத்து அலுவலர் வந்து 'கட்டுங்கள்' என்று சொன்னால் அந்த இடத்திலேயே கட்டியாக வேண்டும்.

மாரிமுத்து: கட்டுங்கள்.

பரமசிவம்: நீங்கள் இங்கிலாந்து அலுவலர் இல்லையே?

மாரிமுத்து: கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்?

பரமசிவம்: கோர்ட்டுக்குப் போனால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

மாரிமுத்து: கடித்தால்?

பரமசிவம்: அது வேறு சட்டம், 1991-இல் போட்டது. (தன் மேலேயே கோபம் வந்தவராக) அதில் கடிக்கவே வேண்டியதில்லையாம். கடித்துவிடுமோ என்று ஒருத்தர் நியாயமாகப் பயந்தாலே போதுமாம், நாய் ஆபத்தான அளவுக்குக் கைமீறிவிட்டது என்று அர்த்தமாம்.

(இருவரும் பெஞ்ச் பக்கம் திரும்புகிறார்கள். அங்கே நின்றவர் இப்போது பெஞ்சின் சாய்மானத்தின் மேல் ஏறி, ஒரு மரக்கிளையைப் பிடித்திருக்கிறார்.)

மாரிமுத்து: நியாயமாகத்தானே பயப்படுகிறார்?

பரமசிவம்: பயமா? காட்சியை ரசிக்கிறார்.

மாரிமுத்து: வேறு எந்த நாட்டிலாவது உங்களுக்குச் சாதகமாக இருக்கிறதா?

பரமசிவம்: ஜெர்மனியில் லோயர் சாக்சனி என்று ஒரு மாநிலம். காட்டிலும் வெட்டவெளியிலும் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை மட்டும்தான் கட்டாயமாகக் கட்ட வேண்டும். பறவைகள் தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலமாம், மற்ற விலங்குகள் குட்டி போடுகிற காலமாம். அது நியாயம், நானே ஒத்துக்கொள்கிறேன்.

மாரிமுத்து: அதோடு விட்டார்களா?

பரமசிவம்: புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் தேர்வு எழுத வேண்டும். 2013-இலிருந்து.

மாரிமுத்து: நாய்க்குத் தேர்வா!

பரமசிவம்: நாய்க்கு இல்லை. சொந்தக்காரருக்கு. முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் நாயோடு செய்முறைத் தேர்வு.

மாரிமுத்து: செய்முறையில் நாயைக் கூப்பிடுங்கள் என்று உங்களிடம் சொன்னால்?

பரமசிவம்: ...எழுத்துத் தேர்வில் நான் நல்ல மார்க் வாங்குவேன்.

மாரிமுத்து: சார், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் இங்கே டைகரை எப்போது கூப்பிடுவீர்கள்?

பரமசிவம்: கிளம்பும்போது.

மாரிமுத்து: வந்தால் என்ன செய்வீர்கள்?

பரமசிவம்: சங்கிலியை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போவேன். லேட்டாக வந்தால் நாலு திட்டும் திட்டுவேன்.

மாரிமுத்து: அப்புறம் அவன் எதற்கு வருவான்? 'வா' என்றால் 'ஆட்டம் முடிந்தது, திட்டு வாங்க வா' என்றுதானே அவனுக்குப் புரிந்திருக்கிறது? நான் டைகராக இருந்தாலும் காதை மட்டும்தான் ஆட்டுவேன். நடுநடுவே சும்மா கூப்பிடுங்கள், தட்டிக்கொடுத்து ஏதாவது தின்னக் கொடுங்கள், மறுபடி விளையாட விடுங்கள். பழகுகிற வரைக்கும் பத்து மீட்டர் கயிறு ஒன்றைக் கட்டி விடுங்கள்.

பரமசிவம்: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாரிமுத்து: நாள் பூராவும் இங்கேதானே நிற்கிறேன்! ஓடி வருகிற நாயையும் பார்க்கிறேன், துரத்திக்கொண்டு ஓடுகிற மனிதரையும் பார்க்கிறேன்.

பரமசிவம்: நமக்கென்று தனி இடம் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் 1979-லேயே நாய்களுக்கென்று வேலி போட்டு இடம் ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அந்த மாதிரி இடங்களில் வாசலுக்கு இரண்டு கதவு வைக்கிறார்கள். ஒன்றைச் சாத்தின பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

மாரிமுத்து: எல்லாம் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிற நாய்கள்தானே? அப்புறம் எதற்கு வேலி, எதற்கு இரண்டு கதவு?

(பரமசிவம் பதில் தேடி மொபைலைத் தடவுகிறார். அதற்குள் டைகர், தாத்தா ஒருவர் சங்கிலியில் பிடித்து வரும் குட்டி நாயை நோக்கிப் பாய்கிறது. குட்டி நாய் சீறுகிறது.)

பரமசிவம்: அது ஏன் சீறுகிறது? எங்கள் டைகர் விளையாடத்தானே போகிறான்?

மாரிமுத்து: அது கட்டியிருக்கிற நாய், சார். பிடிக்காவிட்டால் ஓடக் கூட வழியில்லை. சீறாமல் என்ன செய்யும்?

(மாரிமுத்து சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதுகிறார். டைகர் அப்படியே திரும்பி, நாலு கால் பாய்ச்சலில் வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. அவர் ஒரு பிஸ்கட் கொடுக்கிறார்.)

பரமசிவம்: பார்த்தீர்களா! முழுக் கட்டுப்பாடு!

மாரிமுத்து: என் கட்டுப்பாடு, சார்.

பரமசிவம்: யாருடைய கட்டுப்பாடு என்று பலகையில் போடவில்லையே? நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு டூட்டி?

மாரிமுத்து: நாளைக்கு எனக்கு லீவு.

பரமசிவம்: அந்த விசிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மாரிமுத்து: விசில் எதற்கு? பிஸ்கட்டைக் கேளுங்கள். முதலில் சங்கிலியை மாட்டுங்கள், பாவம், அவர் இறங்கட்டும்.

(பரமசிவம் சங்கிலியை மாட்டுகிறார். மரக்கிளையைப் பிடித்தவர் அப்போதும் இறங்கவில்லை.)

பரமசிவம்: ஏன் மாரிமுத்து, பெஞ்ச் மேல் செருப்புக் காலோடு ஏறி நிற்கலாமா? இந்தப் பூங்காவில் அதற்கெல்லாம் ஒரு விதியும் கிடையாதா?