இருபது டொலர் தாளில் இருக்கிற பெட்டை

அவுஸ்திரேலியாவின் இருபது டொலர் தாளில் மூக்குக்கண்ணாடியும் துணித்தொப்பியும் போட்ட ஒரு கிழவி இருக்கிறா. 1994 முதல் இருக்கிறா. பெயர் மேரி ரீபி. பதின்மூன்று, பதினான்கு வயதில் குதிரை திருடிய குற்றத்துக்காக இங்கிலாந்தில் இருந்து நாடுகடத்தப்பட்டு, கைதியாகச் சிட்னிக்கு வந்தவ.

இங்கே எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் கூடுகிற மேடைகளில் இவவுடைய கதை அடிக்கடி வரும். ஊர்ச்சங்க ஆண்டுவிழாவில் யாராவது ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "பாருங்கோ பிள்ளையள், ஒண்டும் இல்லாமல் கைதியா வந்த பெட்டை, உழைச்சுக் காசுத்தாளிலயே ஏறிவிட்டாள்" என்பார். கைதட்டல். அடுத்தது பரதநாட்டியம்.

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கதையில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விடுகிற பாகங்கள் சொல்கிற பாகத்தைவிட ருசியானவை. அவை இல்லாமல் பார்த்தால் அது ஒரு வியாபாரப் பயிற்சி வகுப்பு.

முதலில் பெட்டையின் கதைக்கு வருவோம். 1777இல் லங்காஷயரின் பரி என்ற ஊரில் பிறந்தவள். பிறந்த பெயர் மேரி ஹேடொக். பெற்றோர் இல்லை, பாட்டியிடம் வளர்ந்தாள். பிடிபட்டபோது ஆண்பிள்ளை உடுப்புப் போட்டு, ஜேம்ஸ் பரோ என்று பெயர் சொல்லியிருக்கிறாள். ஸ்டஃபர்ட் நகரத்து நீதிமன்றத்தில்தான் இது பெண்பிள்ளை என்று தெரியவந்தது. அந்தக் காலத்தில் குதிரைத் திருட்டுக்குத் தூக்குத்தண்டனை வரைக்கும் இருந்தது. இவளுக்கு ஏழு வருட நாடுகடத்தலோடு போயிற்று. ஏன் ஆண் வேடம் போட்டாள் என்று கனபேர் கற்பனை பண்ணி எழுதியிருக்கிறார்கள். வீட்டை விட்டுத் தனியாக றோட்டில் இறங்கிய ஒரு சிறுமி ஏன் பெடியன் மாதிரி உடுத்துவாள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுமா? எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்லுவா.

1792 ஒக்டோபரில் 'ரோயல் அட்மிரல்' என்ற கப்பல் சிட்னிக்கு வந்தது. கரையிறங்க முதலே, கப்பலில் இருந்தபடி தன் மாமிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அப்போது அவளுக்கு வயது 15. அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. அதில் அழுகை குறைவு, கணக்குத்தான் கூட. பார்த்தால் வடிவான இடமாகத்தான் தெரிகிறது என்கிறாள். கிழமைக்கு நாலு காற்சட்டை தைக்கவேண்டும், கிழமைக்கு ஒரு இறாத்தல் அரிசி, நாலு இறாத்தல் பன்றியிறைச்சி, கூட மரக்கறியும் கிடைக்கும் என்கிறாள். இரண்டு மூன்று வருடத்தில் இங்கிருந்து போக எந்த வழி கிடைத்தாலும் விடமாட்டேன், அதுவரை இந்த நிலைமையில் இயன்றளவு சந்தோசமாக இருப்பேன் என்கிறாள்.

ஒரு இறாத்தல் அரிசி. சோற்றைத் தின்று வளர்ந்த எனக்கு அந்த வரியைக் கடக்க முடியவில்லை. லங்காஷயர்ப் பெட்டைக்குச் சிட்னியில் அரிசி எங்கிருந்து? அந்த வருடம் யூனில் 'அட்லான்டிக்' என்ற கப்பல் கல்கத்தாவில் இருந்து அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு வந்தது. பட்டினியின் விளிம்பில் இருந்த குடியேற்றம் அது. இங்கே முதல் இந்திய மளிகைக்கடை திறந்தது எப்போது என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கப்பலையும் கணக்கில் சேர்க்கலாம்.

கரையிறங்கியதும் மேஜர் பிரான்சிஸ் குரோஸ் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. குரோஸ் சாதாரண ஆள் இல்லை; அந்த டிசம்பரில் ஆளுநர் பிலிப் கப்பலேறியதும் காலனியின் ஆட்சி இவர் கைக்குத்தான் வந்தது. பதினேழு வயதில், 1794 செப்டெம்பரில், தோமஸ் ரீபி என்ற ஐரிஷ்காரனைக் கட்டினாள். கிழக்கிந்தியக் கம்பனியில் வேலை செய்தவன். கைதி அல்ல, சுதந்திரமான ஆள்.

மேடைப்பேச்சு வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இதுதான். அவ முன்னுக்கு வந்ததற்கு நான் காணும் காரணங்கள் நாலு. கட்டியவன் கைதியில்லை என்பது ஒன்று. ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் அரசாங்கம் சும்மா எழுதிக்கொடுத்த காணி இரண்டாவது. அந்த ஆறும் கரையும் தாருக் மக்களுடையது. அங்கே அவர்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையில் வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. காணி, உறுதி என்ற கதைகளில் எங்கள் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஆனால் இந்தக் காணியைப் பற்றி மேடையில் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் குரூரமானது. 1811 ஏப்ரலில் புருசன் செத்துப்போனான். வியாபாரப் பங்காளி எட்வர்ட் வில்ஸ் அடுத்த மாதம் போனார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கட்டிய பெண்ணின் சொத்து புருசனுடையது. ஒப்பந்தமும் வழக்கும் அவன் பெயரில். விதவைக்கோ எல்லாம் தன் கையில். முப்பத்துநாலு வயதில், ஏழு பிள்ளைகளோடு, கப்பல்களும் பண்டகசாலையும் காணிகளும் இவ கைக்கு வந்தன. பிறகு மறுமணம் செய்யவில்லை. செய்திருந்தால் தாளில் வேறு யாராவது இருந்திருப்பார்கள்.

நாலாவது, மூளை. அதை நான் குறைக்கமாட்டேன். புருசன் கடலில் இருந்த காலமெல்லாம் கணக்குப் பார்த்தவ இவதான். 1812இல் ஜோர்ஜ் வீதியில் புதுப் பண்டகசாலை திறந்தா, 1817இல் இன்னும் கப்பல்கள் வாங்கினா. அதே வருடம் தொடங்கிய நியூ சவுத் வேல்ஸ் வங்கி, மக்குவாரி பிளேஸில் இவவுடைய கட்டடத்தில்தான் கதவு திறந்தது. அதே வருடம் தன்னிடம் கடன்பட்டிருந்த ஒருவனை அடித்த வழக்கில் குற்றவாளி என்ற தீர்ப்பும் வந்தது. (இந்தக் கடைசித் தகவலையும் மேடையில் சொன்னால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.)

மூளை மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி சிட்னியின் மேற்கில், பரமட்டாவில் இருக்கிறது. வைகாசிக்குன்று முருகன் கோயிலில் இருந்து காரில் கொஞ்ச நேரம். 1821இல் திறந்த பெண்கள் தொழிற்கூடம், பேர்தான் தொழிற்கூடம்; சிறை, வேலைத்தலம், மகப்பேற்று விடுதி, கலியாணச் சந்தை எல்லாம் அதற்குள்தான். பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் விழுந்தவளுக்குத் தலைமயிரை வெட்டினார்கள். கலியாணம் கட்ட அனுமதி வாங்கிய ஆம்பிளை வந்தால் பெண்களை வரிசையில் நிறுத்துவார்கள், அவர் பார்த்துத் தெரிவு செய்வார். 1827இல் பாணும் சீனியும் வெட்டப்பட்டபோது இந்தப் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு பரமட்டாத் தெருக்களுக்கு வந்தார்கள், கடைகளில் பாண் எடுத்தார்கள், படை வந்துதான் திருப்பிக் கொண்டுபோனது. 1788 முதல் 1868 வரை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஏறக்குறைய 162,000 பேரில் பெண்கள் சுமார் 25,000. அவர்களுக்குள் மேரி ரீபி அளவு மூளை உள்ளவள் ஒருத்திதான் என்று என்னால் நம்ப முடியாது.

இனி எனக்குப் பிடித்த இடம். 1820இல் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனா. கைதியாக வெளிக்கிட்ட ஊருக்குச் சீமாட்டியாகத் திரும்பி, சொந்தபந்தம் எல்லாம் பார்த்து, 1821இல் சிட்னிக்கு வந்தா. ஏழு வருடம் கழித்துக் காலனியில் சனத்தொகைக் கணக்கெடுப்பு. ஒவ்வொருவரும் எந்தக் கப்பலில், எந்த வருடம், கைதியாகவா சுதந்திரமாகவா வந்தார் என்று சொல்லவேண்டும். 1828ஆம் ஆண்டுப் பதிவில் மேரி ரீபியின் பெயருக்கு நேரே இருப்பது: சுதந்திரமாக வந்தவர், 1821.

சில வரலாற்றுப் பிரியர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அவ பக்கம். முப்பத்தாறு வருடமாகியும் தீராத கேள்வி அது. ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் கைதியாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான், ஆனாலும் கைதிப் பிறப்பு என்றால் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள். பேரன் தோமஸ் ரீபி 1876இல் தஸ்மேனியாவின் முதலமைச்சரானார். அந்தக் காலத்துக் குடும்பங்களில் பாட்டி எப்படி வந்தா என்பது சாப்பாட்டு மேசையில் பேசுகிற விசயம் இல்லை. கைதி மூதாதையைத் தேடிப் பெருமைப்படுகிற பழக்கம் எல்லாம் மிகப் பிந்தி வந்தது, செலவில்லாத பெருமை.

எங்கள் மண்டபங்களில் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு முடிய, குரலைக் கொஞ்சம் இறக்கி, "அப்ப நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?" படிக்க வந்தவர், ஸ்பொன்சரில் வந்தவர், ஸ்கில் விசாவில் வந்தவர் எல்லாரும் சத்தமாகப் பதில் சொல்வார்கள். அகதியாகக் கப்பலில் வந்தவர் தட்டில் இருக்கும் றோல்ஸைப் பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் தற்காலிக விசாவில் கிடந்து, வரி கட்டி, பிள்ளை பெற்று, வளர்த்த பிறகும் அதே கேள்விதான். கேட்பது அரசாங்கம் மட்டுமில்லை. மேடையில் மேரி ரீபியின் தாளைத் தூக்கிக் காட்டுகிற அதே அண்ணைதான் சம்பந்தம் பேசும்போது, "பெடியன் கப்பலோ?" என்று விசாரிக்கிறவர். கைதிக் கப்பலில் வந்த வெள்ளைக்காரிக்குக் கைதட்டு, படகில் வந்த எங்கள் பெடியனுக்குத் தோள்திருப்பல். இதைச் சொன்னால் "அது வேறை, இது வேறை" என்பார்கள். என்ன வேறை என்று கேட்டால் பதில் இல்லை.

சட்டப்படி பார்த்தால் மேரி ரீபி சொன்னது முழுப்பொய்யும் இல்லை. 1821இல் அவ உண்மையிலேயே தன் காசில் பயணச்சீட்டு எடுத்து, சுதந்திரமான பெண்ணாக வந்திறங்கினாதானே. அதற்கு முந்திய வருகையைப் பற்றிப் பேசாமல் விட்டா, அவ்வளவுதான். கப்பலில் வந்து வருடக்கணக்காகக் காத்திருந்து, 2023க்குப் பிறகு நிரந்தர விசா கிடைத்த ஒரு தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். போன வருடம் சென்னைக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் அவன். இப்போது மண்டபத்தில் யாராவது எப்பிடி வந்தனீங்கள் என்று கேட்டால், "சிங்கப்பூரால, பிளேனில" என்று சத்தமாகச் சொல்கிறான்.