ரிவர்ட் பண்ணுங்க, ரிவர்ட் பண்ணுங்கன்னா... எதை?

"ப்ளீஸ் ரிவர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட்."

ஆறு சொல். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் கிடையாது. இருந்தும் நம் ஊர் அலுவலக மெயில்களில் பாதி இப்படித்தான் முடிகிறது. கேட்டால் "மரியாதையா இருக்கு சார்" என்பார்கள். எதிரில் இருப்பவரைக் குழப்புவது என்ன மரியாதை?

நாம் "பதில் சொல்" என்ற பொருளில் அதை எழுதுகிறோம். லண்டனிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு ரிவர்ட் என்றால் "முன்பிருந்த நிலைக்குத் திரும்பு". மென்பொருள் வேலையில் இது வெறும் அகராதிச் சண்டையோடு நிற்காது. வெள்ளிக்கிழமை மாலை "பேமென்ட் பக்க மாற்றங்கள், கைண்ட்லி ரிவர்ட்" என்று ஒரு மெயில் போகிறது. அனுப்பியவர் கேட்டது கருத்து. படித்தவருக்கோ ரிவர்ட் என்பது, மென்பொருளில் செய்கிற மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' கருவியில் தினம் தட்டுகிற கட்டளை. தட்டிவிட்டார். அந்தக் கட்டளை பழைய கமிட்டை, அதாவது பதிவான மாற்றத்தை, அழிக்காது. அந்தக் கமிட் செய்ததை அப்படியே தலைகீழாகச் செய்கிற புதிய கமிட் ஒன்றைப் போடும். ஒற்றைக் கமிட் என்றால் சரி, அந்தப் புதிய கமிட்டையே மறுபடி ரிவர்ட் செய்தால் மீண்டுவிடும். தனிக் கிளையில் செய்த மாற்றங்களைப் பிரதானக் கிளையோடு இணைக்கிற மெர்ஜ் கமிட் என்றால்தான் வினை. எந்தக் கிளை பிரதானம் என்று சொல்லாவிட்டால் கட்டளையே ஓடாது. சொல்லி ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை "ஐயையோ, வேண்டாம்" என்று அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் வராது. அவை ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன என்றுதான் கிட் கணக்கு வைத்திருக்கும். முதலில் ரிவர்ட்டை ரிவர்ட் செய்ய வேண்டும். இத்தனையும் "உங்க கருத்து என்ன?" என்று மூன்று சொல்லில் கேட்கச் சோம்பல்பட்டதால்!

குத்தகைப் பத்திரத்திலும் இதே கூத்துதான். 99 ஆண்டுக் குத்தகை முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய வழக்கு. அந்த வரைவுக்குள்ளேயே "குத்தகைதாரர் 30 நாளுக்குள் ரிவர்ட் செய்யாவிட்டால்" என்று இன்னொரு வரி நுழைந்தால், அது பதில் போடுவதா, நிலத்தைத் திருப்பித் தருவதா? செடி வளர்ப்பவர்களைக் கேளுங்கள், இன்னொரு பொருள் சொல்வார்கள். வெள்ளைத் திட்டு போட்ட மணி பிளான்ட்டில் முழுப் பச்சைக் கொடி ஒன்று கிளம்பினால் அதுவும் ரிவர்ட்தான். பச்சையம் கூடுதல் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். திட்டு இலை இருக்கும் கணு வரை வெட்டிவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "ஆமாம், இந்தியர்களுக்கு இங்கிலீஷே வராது" என்று சிரிக்கக் கிளம்பும் மேதாவிகளே, நில்லுங்கள். உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. பொருள் மாறியது குற்றமே இல்லை. லத்தீனில் 'ரெவெர்தெரே' என்றால் திரும்பி வருதல். நீங்கள் சுத்தமானது என்று நினைக்கிற ரிப்ளை எங்கிருந்து வந்தது? 'ரெப்ளிகாரே', மடித்துப் போடுதல். ரெஸ்பாண்ட்? பதிலுக்கு வாக்குக் கொடுத்தல். ஆன்சர்? எதிர்த்துச் சத்தியம் செய்தல். மடிப்பது பதிலாகலாம், திரும்புவது ஆகக் கூடாதா? நம் 'பதில்' மட்டும் என்னவாம்? அரபியில் 'பதல்' என்றால் மாற்று. உருது வழியாக இங்கே வந்து மறுமொழி ஆனது. "அதற்குப் பதிலாக" என்னும்போது பழைய பொருள் இன்றும் எட்டிப் பார்க்கிறது. பூவின் மணத்தை வள்ளுவர் 'நாற்றம்' என்றார். இன்று யாரிடமாவது "நாறுகிறீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

அதோடு இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் என்பதும் பொய். "முன்பு பேசியதற்கு மீண்டும் வருகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலேயர்களே ரிவர்ட் சொல்வார்கள். அங்கிருந்து "உங்களிடம் மீண்டும் வருகிறேன்" ஒரு எட்டுதான். சரக்குக் கப்பல் தரகர்கள் லண்டனிலும் பதிலுக்கு ரிவர்ட்தான் போடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவிலும் இதே வழக்கு.

இன்னொன்று, 'ரெவெர்தெரே'க்குள் இருக்கிற 'வெர்தெரே' (திருப்புதல்) நமக்கு அந்நியமும் இல்லை. சமஸ்கிருத 'விருத்' அதற்கு உடன்பிறப்பு. பரிவர்த்தனை, நிவர்த்தி, தாளத்தின் ஆவர்த்தனம், ஏன், 'வார்த்தை'யே அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஏர் திரும்பும் சாலிலிருந்து லத்தீனில் செய்யுள் வரிக்குப் பெயர் வந்து ஆங்கிலத்தில் வெர்ஸ் ஆனது. நம் விருத்தமும் அதே வேர்.

ஆனால் அந்த 'பேக்'! அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. 'ரி' என்றாலே திரும்ப. ரிவர்ட் பேக் என்பது அரைஞாண் கயிறு போல. ஞாண் என்றாலே கயிறுதான். சரி, அரைஞாண் கயிறாவது இடுப்பில் நிற்கிறது.

ஆக, ரிவர்ட்டை நண்பர்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்ளுங்கள். பழைய பொருள் உயிரோடிருக்கும் இடத்துக்கு, அதாவது மென்பொருள் கோடு, ஒப்பந்தம், வெளிநாட்டு மெயில் பக்கம் கொண்டு போகாதீர்கள். "3-ஆம் பக்க விலை சரியா? வியாழன் மாலை 4 மணிக்குள் ரிப்ளை போடவும்" என்று எழுத அரை நிமிடம் ஆகாது. மாற்றத்தைத்தான் திரும்பப் பெற வேண்டுமென்றால் கமிட் எண்ணைப் போட்டு "இதை நீக்கவும்" என்று எழுதுங்கள். மொட்டையாக ஒரு ரிவர்ட் வந்து விழுந்தால் கீபோர்டில் கை வைக்கும் முன் "பதிலா, பழைய நிலையா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

"ஐ வில் ரிவர்ட் ஷார்ட்லி" என்று எழுதிவிட்டு மூன்று வாரம் காணாமல் போகிறவர்களை மட்டும் திருத்த வேண்டாம். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில், 1300 வாக்கில், ரிவர்ட்டுக்கு இருந்த பொருள் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: மயக்கம் தெளிதல்.