கேப்டனோட முட்டியும் நம்ம குரூப் நீதிபதிகளும்

அந்த கமெண்டைப் பார்க்காதவங்க நம்ம கொலராடோ அவலாஞ்ச் ஐஸ் ஹாக்கி ரசிகர் குரூப்புல யாரும் இருக்க மாட்டீங்க. ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிட்டீங்க. 2023 மே மாசம், நம்ம கேப்டன் லாண்டெஸ்கோக்குக்கு முட்டியில குருத்தெலும்பு மாற்று அறுவை சிகிச்சை, அடுத்த சீசனும் ஆட மாட்டார்னு செய்தி வந்த அன்னைக்கே எழுதுறார் நம்ம குரூப் ஆளு ஒருத்தர்: "வருஷம் ஏழு மில்லியன் சம்பளம், வேலை மாடியில உக்காந்து மேட்ச் பார்க்குறது. எல்லாம் கப்பு வாங்கின திமிரு." கூடவே சிரிக்கிற பொம்மை. லைக் போட்டவங்க லிஸ்டைப் பார்த்தேன். நம்ம டீம் ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சதுக்கு 2022 ஜூன் 30 நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு என் கார்லயே தொத்திக்கிட்டு வந்தவங்க பேரெல்லாம் அதுல இருக்கு.

சண்டை போட வரல. ஆனா ஒரு விஷயம் புரியணும். கோப்பை ஜெயிச்ச டீம் அடுத்த வருஷம் அனுபவிக்கிறது திமிரோட பலன் இல்ல, ஜெயிச்சதுக்கான விலை. அந்த விலையை யார் கட்டினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

அந்த முட்டியோட கதை தெரியுமா உங்களுக்கு? 2020 பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சு கோப்பைக்காக ஏழேழு மேட்ச் தொடரா நடக்குற நாக்-அவுட் சுத்துல, சொந்த டீம் ஆளான மகாரோட ஸ்கேட் பிளேடே தவறிப்போய்க் கிழிச்ச கால் அது. 2022 மார்ச்ல முட்டியில ஆபரேஷன். ரெகுலர் சீசன்ல மிச்சம் இருந்த ஒரு மேட்ச்கூட ஆடல. பிளேஆஃபுக்கு நேரா வந்து இறங்கி 20 மேட்ச்ல 11 கோல், அடுத்தவங்க கோலுக்குப் பாஸ் கொடுத்த அசிஸ்ட் 11. ஜூன் 26 ராத்திரி ஃபைனல்ல டாம்பாவை அவங்க ஊர்லயே ஜெயிச்சப்போ கோப்பையை முதல்ல தூக்கினவர் அவர்தான். நாமெல்லாம் கத்தினோமே, அது இந்தக் காலுக்குத்தான். அக்டோபர்ல மறுபடி ஆபரேஷன், சீசன் முழுக்கப் போச்சு. இப்ப இது. இதுல திமிர் எந்த இடத்துல வருது? எனக்குத் தெரியல, யாராவது காட்டுங்க.

"அவர் ஒருத்தர் இல்லாட்டி என்ன, மிச்சப் பேர் இருந்தாங்களே"ன்னு வருவீங்க. எந்த மிச்சப் பேர்? 2022-23 சீசன்ல சாலரி கேப், அதாவது ஒரு டீம் தன் ஆட்டக்காரங்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தோட உச்சவரம்பு, 82.5 மில்லியன் டாலர். அதுக்கு மேல ஒரு டாலர் கொடுக்கணும்னாலும் ஆயிரத்தெட்டு விதி. ஃபைனல் நாலாவது மேட்ச்ல ஓவர்டைம் கோல் அடிச்ச கட்ரி, கட்டைவிரல் உடைஞ்ச கையோட ஆடினவர், கால்கரிக்குப் போயிட்டார். ஏழு வருஷத்துக்கு 49 மில்லியன். அவர் வயசுல, அந்தப் பணத்தை நாம யாரா இருந்தாலும் வாங்கியிருப்போம். கோல்கீப்பர் கெம்பர் வாஷிங்டனுக்கு. புராகோவ்ஸ்கி, 2023 பிளேஆஃப்ல நம்மளைத் தோற்கடிச்ச சியாட்டிலுக்கே. ஜெயிச்சா எல்லாரோட விலையும் ஏறும், ஏறினா வெச்சுக்க முடியாது. இது கணக்கு. திமிர் இல்ல.

அப்புறம் ஓய்வு. அந்த சியாட்டில் கிராக்கன் டீமுக்கு 2022 மே 1-ஆம் தேதியோட சீசன் முடிஞ்சுது. நம்மாளுங்க ஜூன் கடைசி வரைக்கும் அடி வாங்கிட்டு, அக்டோபர் 12 மறுபடி ஐஸ்ல நிக்கிறாங்க. மகாருக்குத் தலையில அடி, மொத்தம் 22 மேட்ச் போச்சு. லெக்கோனனுக்கு விரல் உடைஞ்சுது. ஜனவரி நடுவுல பிளேஆஃப் இடத்துக்கே வெளியில கிடந்த டீம், கடைசி மேட்ச்ல நாஷ்வில்லை ஜெயிச்சு 109 பாயின்ட்டோட சென்ட்ரல் டிவிஷன்ல முதல் இடம் பிடிச்சுது. நம்ம மெக்கினன் கோலும் அசிஸ்டும் சேர்த்து 111 பாயின்ட். ரான்டனென் 55 கோல். திமிர் பிடிச்சவங்க ஆடுற ஆட்டமாய்யா இது?

சரி, சியாட்டில்கிட்ட தோத்தாங்க. ரெண்டே வயசு டீம்கிட்ட, முதல் சுத்துலயே, சொந்த ஊர்ல, ஏழாவது மேட்ச்ல 2-1. நான் மறைக்கல. ஏழு மேட்ச்லயும் முதல் கோல் சியாட்டில்தான் அடிச்சுது. அவங்க கோல் போஸ்ட்ல நின்னது நம்ம பழைய கோல்கீப்பர் க்ரூபாவர். மூணாவது பீரியட்ல மெக்கினன் சமன் பண்ணின கோலை ஆஃப்சைடுன்னு திருப்பி எடுத்துட்டாங்க. ஆறாவது மேட்ச்ல நம்ம காக்லியானோவுக்குக் கழுத்தெலும்பு முறிஞ்சுது, கழுத்தெலும்பு! அதோட அந்த மேட்ச்சை ஆடி முடிச்சார் மனுஷன். மகார் சியாட்டில் ஆள் மெக்கானை அடிச்சு ஒரு மேட்ச் சஸ்பெண்ட் ஆனது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தல. அவர் இல்லாத அந்த மேட்ச்லயும் ஒரு கோல்லதான் தோத்தோம்கிறதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"டாம்பா 2020, 2021 ரெண்டும் ஜெயிக்கலையா?" ஜெயிச்சாங்க. பெரிய டீம். அவங்களையே பிற்பாடு ஃபைனல்ல அடிச்சது யாரு? விடுங்க. 2006-ல ஜெயிச்ச கரோலைனா அடுத்த வருஷம் பிளேஆஃபுக்கே வரல. 2014-ல ஜெயிச்ச லாஸ் ஏஞ்சலஸும் அப்படியே. வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் ரெண்டும் கோப்பை ஜெயிச்ச அடுத்த வருஷம் முதல் சுத்துல அவுட். எல்லாருக்குமா திமிர்? நாம தோத்த அதே ராத்திரி, 65 மேட்ச் ஜெயிச்சு சாதனை பண்ணின பாஸ்டனும் வீட்டுக்குப் போச்சு. முந்தின வருஷக் கோப்பை அவங்க வாங்கினது இல்ல, அவங்க எந்தத் திமிர்ல தோத்தாங்களாம்?

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு சொல்லிடுறேன். எங்கப்பா வாலிபால் ஆடினவர். தூத்துக்குடிப் பக்கம் எங்க ஊர் டீமுக்கு நெட்டுக்கு மேல தாவி அடிக்கிற ஆள். ஒரு பொங்கல் டோர்னமென்ட்ல முட்டி வீங்கின காலோட, பேண்டேஜ் சுத்திக்கிட்டு ஃபைனல் ஆடி சுழற்கோப்பையை வாங்கிட்டு வந்தார். ஊரே தோள்ல தூக்குச்சு. அடுத்த வருஷம் அவரால தாவ முடியல, முதல் மேட்ச்லயே வெளியே. டீக்கடையில அதே ஊர் சொன்னது: "ஷீல்டு வாங்கினதுல இருந்து அவனுக்குக் கால் தரையில பாவல." அந்தக் கால் உண்மையிலேயே தரையில பாவாதுங்கிறது எங்கம்மாவுக்குத்தான் தெரியும். தைலம் தேய்ச்சது அவங்கதானே. இன்னைக்கும் அவர் படி இறங்குறது பக்கவாட்டுலதான். அந்தக் கடையில அப்படிச் சொன்னவர் எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து சாப்பிட்டுப் போவார். அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் அப்பா மாதிரி இல்ல.

"சும்மா ஜோக்குப்பா, சீரியஸா எடுத்துக்காத"ன்னு இன்பாக்ஸ்ல வந்திருக்கீங்க ரெண்டு பேர். ஜோக்குன்னா தோத்த அன்னைக்கு என்னை வெச்சு அடிங்க, சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிறேன். சியாட்டில் ஜெர்சி வாங்கித் தரட்டுமான்னு என் மச்சினன் கேட்டான், சிரிச்சேன். கத்தி வெச்ச காலைப் பார்த்துச் சிரிக்கிறது வேற.

பேர் எதுவும் சொல்லல, அவங்கவங்களுக்குத் தெரியும். அக்டோபர்ல நம்ம டீமோட மைதானம் பால் அரீனாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது என்னைக் கூப்பிட வேணாம். கேப்டன் இல்லாத டீமைப் பார்க்க நான் தனியாவே போய்க்கிறேன். பார்க்கிங் காசைப் பங்கு போட ஆள் இருக்காது, அது கொஞ்சம் உறுத்தும். இருக்கட்டும்.