நந்தியாவட்டையில் இருந்தது பாம்புப் புழு இல்லை

கடித்தால் ஆபத்து என்று ஒரு புழுவைக் காட்டிப் பயமுறுத்துகிற அந்த 'பாம்புப் புழு' வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்பின் நந்தியாவட்டையில் இருந்த புழுவும் அதுதான் என்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை முந்தாநாளே எழுதியிருந்தேன். நேற்றுக் காலை நந்தியாவட்டைச் செடி முழுக்க மருந்து அடித்துவிட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், அந்தப் புழு கடிக்காது, கொட்டாது.

அது ஓலியாண்டர் ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு. அரளியிலும் நந்தியாவட்டையிலும் சாதாரணமாக வரும். முன்பக்கம் தெரிகிற இரண்டு நீல வட்டங்கள் கண்ணே இல்லை. சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது வட்டங்கள் உப்பி, முறைப்பது போலத் தெரியும். பறவைகளை விரட்ட அதற்குத் தெரிந்த வழி அது. வாலில் நிற்கிற கொம்பு கொடுக்கு இல்லை, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

2020 ஊரடங்கில் நானும் மகளும் ஒன்றை வளர்த்தோம். ராத்திரி பகலாகத் தின்னும். டப்பா அடியில் மிளகு மிளகாக எச்சம். ஒருநாள் பச்சை மங்கி, உடம்பு பழுப்பாகிவிட்டது. செத்துப்போச்சு என்று பிள்ளை அழுதாள். சருகு போட்டு வைத்தோம். அதற்குள் புகுந்து கூட்டுப்புழு ஆனது. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி கசங்கிய துணிபோல வெளியே வந்து, குச்சியில் தொங்கி, இறக்கையை விரித்தது. கரும்பச்சை, வெளிர்பச்சை, நடுவே இளஞ்சிவப்புக் கோடு. விரித்தால் என் உள்ளங்கை அகலம். மொட்டை மாடியில் விட்டதும் படபடத்துப் போயே போய்விட்டது.

"அரளியைத் தின்கிற புழுவுக்கு விஷம் இருக்காதா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். அரளி மனிதனின் இதயத்தையே நிறுத்தும், இது அதைத் தின்றே வளர்கிறது. ஆனால் அந்த விஷத்தை நம் தோலில் ஏற்ற இதனிடம் முள்ளும் இல்லை, ஊசியும் இல்லை. நாம் அதை மென்று தின்னப் போவதில்லையே! முருங்கைக் கம்பளிப்பூச்சி பட்டால் தடிக்கும், அரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். இதன் உடம்பில் மயிரே கிடையாது.

"குழந்தைகள் விளையாடுகிற இடம்" என்கிறார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்தக் குழந்தைகள் நேற்று சாயங்காலம் மருந்து வாடையில்தானே விளையாடினார்கள்? புழு யாரை என்ன செய்தது?

"ஒரு புழுவுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பீர்கள். சரி, புழுதான். ஆனால் பத்து வருஷமாக அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். படம் போட்டு, விளக்கி, கையில் ஏந்தியே காட்டினேன். எங்கிருந்தோ வந்த வீடியோவை நம்பினார்கள், என் வார்த்தையை நம்பவில்லை. மருந்து அடிப்பதற்கு முன் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். செடிக்கு அடியில் ஏழு புழுக்கள் சுருண்டு கிடந்தன. சருகுக்குள் மட்டும் ஒன்று, பழுப்பாக மாறியது, தொட்டதும் லேசாக அசைந்தது. டப்பாவில் எடுத்து வந்திருக்கிறேன். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.