டீசல் செலவை யார் கொடுப்பது?

காபூலுக்கு வெளியே தராகிலில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அமெரிக்கா கட்டிக்கொடுத்தது. 105 மெகாவாட், சுமார் 30 கோடி டாலர். 2009 ஆப்கானிஸ்தான் அதிபர் தேர்தலுக்குள் விளக்கு எரிய வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். தேர்தல் முடிந்த பிறகுதான் வேலையே முடிந்தது. அது ஓடுவது டீசலில். டீசலோ எல்லை தாண்டி டேங்கர் லாரியில் வர வேண்டும். அதற்குள் உஸ்பெகிஸ்தானிலிருந்து மலையைக் கடந்து வந்த மின்கம்பியில் பல மடங்கு மலிவான மின்சாரம் கிடைத்துவிட்டது. பிறகு யார் டீசல் ஊற்றுவார்கள்? பெரும்பாலான நாட்கள் அத்தனை இயந்திரங்களும் சும்மாவே நின்றன.

ஆபத்துக்கு உதவும் என்பார்கள். 2016 ஜனவரியில் வடக்கே பாக்லான் மாகாணத்தில் தாலிபான்கள் அந்த மின்கம்பியின் கோபுரங்களைத் தகர்த்துக் காபூலை இருட்டாக்கினார்களே, அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கும்தான். ஆனால் அதற்கு 30 கோடி டாலரா? எனக்கு மனம் ஆறவில்லை.

போரில் நொறுங்கிய நகரத்துக்குக் கட்டடம் கட்டித்தர ஆள் வருகிறார்கள். அதை ஓட்டுவதற்குப் பணம் தர யாரும் வருவதில்லை. வரி வசூலிக்கவே திணறும் நகராட்சியின் தலையில் ஆண்டுதோறும் ஒரு புதிய செலவு விழுகிறது. கட்டும்வரை லாரிக்காரருக்கும் காவலாளிக்கும் வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும் வருமானம் உண்டு. அதையே பொருளாதார வளர்ச்சி என்று எழுதிக்கொள்கிறார்கள். பொறியாளர்கள் விமானம் ஏறியதும் அந்த வருமானமும் போய்விடுகிறது.

சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் துருக்கி வேறு வழியில் போனது. 2011 பஞ்சத்தின்போது அன்றைய துருக்கிப் பிரதமர் எர்துவான் நேரில் வந்தார். அடுத்த ஆண்டே துருக்கி விமானம் அங்கே இறங்கியது. 2014 முதல் துறைமுகத்தை ஒரு துருக்கி நிறுவனம் நடத்துகிறது. வருவாயில் 55 சதவீதம் சோமாலிய அரசுக்கு என்பது ஒப்பந்தம். கப்பல் வந்தால் கட்டணம் வரும், கட்டணம் வந்தால் கிரேனைப் பழுதுபார்க்கலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் துறைமுகத்தைத் தாங்களே நடத்தும் அளவுக்குச் சோமாலியர்களுக்கு வேலை பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும் நாளில் மறுபடியும் கையேந்தித்தான் நிற்பார்கள்.

தென் சூடானின் தலைநகர் ஜூபாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உகாண்டாவிலிருந்து வரும் உணவு லாரிகள் நைல் நதியைக் கடக்க அங்கே பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான் இருந்தது. ஜப்பான் 2013இல் புதிய பாலத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டே சண்டை மூண்டது, வேலை நின்றது. 2016இல் மறுபடியும் சண்டை, மறுபடியும் நிறுத்தம். இரண்டு முறையும் திரும்பி வந்து கட்டினார்கள். 2022 மே மாதம் பாலம் திறக்கப்பட்டது. எந்தத் தேர்தல் தேதிக்காகவும் ஓடாமல், ஒன்பது ஆண்டுகள் பிடித்தாலும் விடாமல் முடித்த அந்தப் பொறியாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.