சைக்கிள ஆறாம் கிளாஸ்லயே குடுங்க

ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு விலையில்லா சைக்கிள் குடுக்குற போட்டோ வருசா வருசம் வருது, பாக்க நல்லாத்தான் இருக்கு. 2001-ல எஸ்.சி., எஸ்.டி. பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் எல்லாருக்கும் ஆன திட்டம், திட்டத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எங்க ராமநாதபுரம் ஜில்லா மண்டபம் ஊர்ப் பக்கம் ப்ளஸ் ஒன் வர்றதுக்குள்ள பயலுக அப்பா பைக்க முறுக்கப் பழகிடுறானுங்க, அதுக்கப்புறம் சைக்கிள் வந்தா அவனுக்கு அது கவுரவக் குறைச்சல். ஆறாம் கிளாஸ்லயே குடுங்கன்னு நான் சொன்னா எங்க வீட்லயே சிரிக்கிறாங்க.

என் மக நிமிந்து உக்காரப் பழகுனதுல இருந்து என் சைக்கிள்லதான் வர்றா. முதல்ல ஹேண்டில்பார் பக்கத்துல மாட்டுற குட்டி சீட்டு. அதுல ஒரு சொகம் என்னன்னா பிள்ளை நம்ம கை வளைவுக்குள்ளயே இருக்கும், பேசுறதெல்லாம் கேக்கும், ஆனா எதிர்க்காத்தும் மண்ணும் முதல்ல அது மூஞ்சியிலதான் அடிக்கும். கொஞ்சம் வளந்ததும் முட்டி ஹேண்டில்ல இடிக்க ஆரம்பிச்சுச்சு, சரின்னு பின்னாடி கேரியருக்கு மாத்தினோம். அங்க காத்துத் தொல்லை இல்ல, கால்தான் பயம். தூக்கத்துல கால் உள்ள போயிருச்சுன்னா குதிகால ஸ்போக்ஸ் கிழிச்சிடும், அதனால ரெண்டு பக்கமும் ஸ்போக்ஸ மறைக்கிற கார்டு போடாம பிள்ளைய ஏத்தவே கூடாது. சைடு ஸ்டாண்டையும் நம்பாதீங்க, பிள்ளைய உக்கார வச்சுட்டுப் பைய எடுக்கத் திரும்புனா வண்டி அப்படியே சாயும். பழைய டபுள் ஸ்டாண்டுதான் சரி. நடுவுல குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் வேணும், பின்னாடி பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிக் காலத் தூக்கிப் போடுறது?

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்க ஊருக்குன்னு உள்ளது உப்பு. கேரியர் நட்டு வெளியில பளபளன்னுதான் இருக்கும், கழட்டிப் பாத்தா உள்ள மரை முழுக்கத் துரு, கையில தட்டினா செதில் செதிலா உதிரும். கடைக்கார அண்ணன் சொல்றது, பிள்ளை உக்கார்ற இடத்து நட்டு போல்ட்ட மட்டும் மழை முடிஞ்சதும் கண்ண மூடிக்கிட்டு மாத்திடு தாயின்னு. நான் அத மாத்தாம விடுறதில்ல.

அடுத்தது காத்து. தெக்க மன்னார் வளைகுடா, வடக்க பாக் நீரிணை, நடுவுல ஒரே ஒரு ஹைவே. கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, அடிக்கிற மாசத்துல தென்கடல் கொந்தளிக்கும் வடகடல் அமைதியா கெடக்கும், வாடை வந்தா அப்படியே மாறிப்போகும், போட்டுக்காரங்களும் அதுக்குத் தக்கன கடல மாத்திக்குவாங்க. சைக்கிள்காரிக்கு மாத்திக்க இன்னொரு ரோடு கிடையாது. மேக்க உச்சிப்புளிப் பக்கம் போறப்ப கச்சான் நேரா நெஞ்சுல அடிக்கும், பிள்ளையோட வெயிட்டும் சேந்தா பெடல் நகராது, எறங்கித் தள்ளுறதுதான். பாம்பன் பாலத்துப் பக்கம் பிள்ளையோட நான் போறதே இல்ல. பழைய ரயில் பாலத்துல 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்து அடிச்சா ரயிலையே நிப்பாட்டி வச்சாங்க, நான் எம்மாத்திரம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எட்டு ஒம்பது வயசுல பிள்ளைக்கு கேரியர் பத்தாமப் போயிருது. நமக்கும் மிதிக்க முடியல, தனியா விடவும் மனசு வரல. எல்லா வீட்லயும் சைக்கிள் நிக்கிறது இந்த இடத்துலதான். எங்க மாமியாரும் அப்பதான் ஆரம்பிச்சாங்க, "ஏத்தா, ஒரு ஸ்கூட்டிய எடுத்துட்டா பிள்ளை வெயில்ல காயாதுல்ல"ன்னு. பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா ஸ்கூட்டி வந்த வீட்ல அதே பிள்ளை பதிமூணு பதினாலு வயசுல கடைக்குப் போயிட்டு வர்றேன்னு சாவிய எடுக்குது, நாமளும் பெருமையா பாத்துக்கிட்டு நிக்கிறோம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல இதுக்குப் பெத்தவங்களுக்கும் வண்டி ஓனருக்கும் 25 ஆயிரம் ரூபா ஃபைனும் 3 வருசம் வரைக்கும் ஜெயிலும்னு இருக்கு, இங்க யாருக்குத் தெரியும் சொல்லுங்க.

நான் ஸ்கூட்டி எடுக்கல, மகளுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் 20 இஞ்ச் சைக்கிள் எடுத்தோம். அவ இடது ஓரமா போவா, நான் அவளுக்கு வலது பக்கம் கொஞ்சம் பின்னால, வேன் வந்தா என்னைத்தான் முதல்ல பாக்கணும். ராமேஸ்வரம் டூரிஸ்ட் வேனும் கார்த்திகை மார்கழியில ஐயப்ப சாமிங்க வண்டியும் வர்ற வரத்து இருக்கே, ஹாரன் சத்தத்துக்குப் பெரியவங்களே தடுமாறுவோம். ஓரமா போலாம்னா ஓரம் பூரா கடல் மண்ணு, அதுல பிரேக் புடிச்சா வழுக்கும், இன்னும் ஓரமா போனா கருவேல முள்ளு, பஞ்சர். அந்த மண்ண அள்ளி முள்ள வெட்டிவிட்டாலே ஒரு ஆள் அகலத்துக்கு வழி கெடைக்கும். புது ரோடெல்லாம் யாரும் கேக்கல சாமி.

பொம்பளப் பிள்ளைய ரோட்ல விடுறியேன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. 90-கள் ஆரம்பத்துல பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவுல எழுத்தறிவு சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, அதுல புள்ள பெத்தவங்களும் உண்டு. என் மக பத்து வயசுல ஓட்டுறதுக்கு என்ன.

ஆறாம் கிளாஸ்ல ஒரு சின்ன சைக்கிளும் ஸ்கூல்லயே ரோட்ல ஓட்டுறதுக்கு ஒரு மாசப் பழக்கமும் குடுத்தா போதும், ப்ளஸ் ஒன் சைக்கிளுக்கு அப்புறம் மவுசு தானா வரும். வெயில் எரிக்கும்தான், ஒத்துக்கிறேன், அதுக்குத்தான் தொப்பியும் தண்ணி பாட்டிலும்.

எங்க வீட்ல அந்த முன்னாடி மாட்டுற குட்டி சீட்டு சும்மா கெடக்கு, மண்டபம் உச்சிப்புளி பக்கம் யாருக்காவது வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, காசு வேணாம், நட்டு போல்ட் மட்டும் புதுசா போட்டுக்கோங்க.